தழும்பின் நீளமா, வால்வின் ஆயுளா?

மும்பை ரெயில் நிலையங்களில் இப்போது ஆஸ்பத்திரி விளம்பரங்கள் அதிகமாகக் காணப்படுகின்றன. நெஞ்சைப் பிளக்க வேண்டாம், சிறிய கீறல் போதும், சில நாட்களில் வீடு திரும்பலாம் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். படத்தில் ஒருவர் சிரித்துக்கொண்டு நிற்கிறார். சட்டைப் பித்தான் திறந்திருக்கிறது. நெஞ்சில் தழும்பு இல்லை.

அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் சென்ற ஆண்டு ஒரு நாள் மாலை தாராவி நண்பர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். நெல்லைச் சீமைக்காரர். கிளியரிங் ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தா. அவருடைய தம்பி வாஷி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர், வயது 28. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இரவில் படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார வேண்டியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் காட்டியபோது, இருதய வால்வு கெட்டுவிட்டது, மாற்றியாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

நண்பர் கையில் இரண்டு மதிப்பீட்டுக் காகிதங்கள் இருந்தன. ஒன்று நெஞ்சைத் திறந்து செய்யும் ஆபரேஷனுக்கு. மற்றொன்று விலாவின் பக்கத்தில் சிறு கீறல் போட்டுச் செய்வதற்கு. இரண்டாவது தொகை முதலாவதைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு.

“அண்ணாச்சி, பெரிய ஆபரேஷன் என்றால் பையன் பயப்படுகிறான். ஊரில் அம்மா அழுகிறாள். இருக்கிற வயலை ஒற்றிக்கு வைத்தால் சின்னக் கீறலுக்குப் பணம் தேறிவிடும். வைத்துவிடட்டுமா?” என்று கேட்டார்.

நான் டாக்டர் அல்ல. ஆனால் இந்தக் கேள்வி அவர் ஒருவருடைய கேள்வி அல்ல. ஊரை விட்டு வந்து உழைத்துப் பிழைக்கும் நம்மவர் பலருடைய வீட்டில் இது எழுகிறது. ஆகவே டாக்டர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைக் கொண்டு என் கருத்தை இங்கே சொல்லுகிறேன். சிறு கீறல் மோசம் என்று நான் சொல்லவில்லை. அது முதல் கேள்வி அல்ல என்றுதான் சொல்லுகிறேன்.

கதவு கெடுவது எப்படி?

இருதயத்தில் நான்கு வால்வுகள் உண்டு. அவை ஒருவழிக் கதவுகள். ரத்தத்தை முன்னே விடும். பின்னே வர விடாது. இருதயம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. அத்தனை தடவையும் இந்தக் கதவுகள் திறந்து மூட வேண்டும். கதவு சரியாகத் திறக்காவிட்டால் ரத்தம் தேங்கும். சரியாக மூடாவிட்டால் பின்னுக்கு ஒழுகும். இரண்டிலும் பாரம் இருதயத்தின் மேல்தான் விழுகிறது.

பணக்கார நாடுகளில் வால்வு நோய் பெரும்பாலும் முதுமையில் வருவது. நம் நாட்டில் அப்படி அல்ல. இளவயதினர் பலருக்கு அது வருவதற்குக் காரணம் வாதக் காய்ச்சல். 5 வயதிலிருந்து 15 வயதுக்குள் குழந்தைக்குத் தொண்டைப் புண் வருகிறது. வீட்டார் கவனிப்பதில்லை. பிறகு காய்ச்சலும் மூட்டு வீக்கமும் வந்து போகின்றன. அந்தக் காய்ச்சல் போகும்போது வால்வில் வடு வைத்துவிட்டுப் போகிறது. பல ஆண்டுகள் கழித்து, குடும்பத்தைத் தாங்க வேண்டிய வயதில், மூச்சு வாங்குகிறது. ஒரே அறையில் பத்துப் பேர் படுத்துறங்கும் இடங்களில் தொண்டைப் புண் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவது எளிது. அதனால்தான் இதனை ஏழைகளின் இருதய நோய் என்கிறார்கள்.

இதில் அதிகமாகக் கெடுவது மைட்ரல் என்னும் வால்வு. அடுத்தது அயோர்ட்டிக் என்னும் வால்வு. இந்த இரண்டு பெயர்களையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. உங்கள் வீட்டு நோயாளிக்குக் கெட்டிருப்பது எது என்பதைப் பொறுத்தே பின்னால் எல்லாம் அமைகிறது.

உள்ளே நடப்பது ஒன்றே

பழைய முறையில் நெஞ்செலும்பை நடுவில் நீளவாக்கில் அறுத்துத் திறக்கிறார்கள். இருதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் ஓர் இயந்திரம் ஏற்றுக்கொள்கிறது. இருதயத்தை நிறுத்தி வைத்து, கெட்ட வால்வை எடுத்துவிட்டுப் புதியதைத் தைக்கிறார்கள். பின்பு எலும்பை எஃகுக் கம்பியால் கட்டி மூடுகிறார்கள். அமெரிக்காவில் டாக்டர் ஆல்பர்ட் ஸ்டார், என்ஜினீயர் லோவெல் எட்வர்ட்ஸ் இருவரும் சேர்ந்து உருவாக்கிய செயற்கை வால்வை 1960-இல் மைட்ரல் வால்வுக்குப் பதிலாகப் பொருத்தியது முதல் உலகெங்கும் லட்சக்கணக்கானோர் பிழைத்தது இந்த வழியில்தான்.

சிறு கீறல் முறை 1990-களின் நடுவில் பரவத் தொடங்கியது. மைட்ரல் வால்வுக்கு வலது மார்பின் பக்கத்தில், விலா எலும்புகளுக்கு நடுவே, சில அங்குலம் மட்டும் கீறி, நீண்ட கருவிகளைச் செலுத்தி வேலை செய்கிறார்கள். இயந்திரத்துக்கான குழாய்களைப் பெரும்பாலும் தொடை இடுக்கில் உள்ள ரத்தக் குழாய் வழியாகப் போடுகிறார்கள். அயோர்ட்டிக் வால்வாக இருந்தால் நெஞ்செலும்பின் மேற்பாதியை மட்டும் திறப்பதும் உண்டு.

இதில் நம்மவர் பலர் அறியாத ஒன்று இருக்கிறது. சிறு கீறலிலும் இருதயத்தை நிறுத்துகிறார்கள். அதே இயந்திரம்தான். அதே வால்வுதான். வாசல் சிறியது, வீட்டுக்குள் நடக்கும் வேலை ஒன்றே. சிறு வாசல் வழியே செய்வதால் இயந்திரத்தில் இருக்கும் நேரம் பொதுவாகச் சற்றுக் கூடும். ஆகவே அதைப் பெரிய ஆபரேஷன் அல்ல என்று எண்ணுவது தவறு. இரண்டும் பெரிய ஆபரேஷனே.

லாபம் இல்லையா?

இருக்கிறது. அதை மறைப்பது நியாயம் அல்ல. நெஞ்செலும்பு கூடுவதற்கு ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கும். மூன்று மாதம் வரை பாரம் தூக்கக் கூடாது என்பார்கள். மூட்டை தூக்கிப் பிழைக்கிறவனுக்கு மூன்று மாதம் என்பது மூன்று மாத வாடகை, மூன்று மாதம் ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம். எலும்பை அறுக்காத முறையில் ரத்தச் சேதம் குறையும். நெஞ்செலும்பில் சீழ் பிடிக்கும் அபாயம் இல்லை. கல்யாணமாகாத பெண்ணுக்குத் தழும்பு தெரியாமல் இருப்பதும் நம் சமூகத்தில் சின்ன விஷயம் அல்ல.

ஆனால் அந்த லாபத்தின் அளவு என்ன? பிரிட்டனில் 10 ஆஸ்பத்திரிகளில் 330 நோயாளிகளைக் கொண்டு நடந்த ஆராய்ச்சியின் முடிவு 2023-இல் வெளிவந்தது. எல்லோரும் மைட்ரல் வால்வைப் பழுதுபார்க்க வேண்டியவர்கள். யாருக்குச் சிறு கீறல், யாருக்கு நெஞ்செலும்பு என்பதைக் குலுக்கல் போல முடிவு செய்தார்கள். அந்தந்த முறையில் கைதேர்ந்த சர்ஜன்களே ஆபரேஷன் செய்தார்கள். ஆறாவது வாரத்தில் சிறு கீறல்காரர்கள் நடமாட்டத்தில் சற்று முன்னே இருந்தார்கள். பன்னிரண்டாவது வாரத்தில் உடல் தெம்பு இரு சாராருக்கும் ஒன்றாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் இருந்த நாட்கள் ஒரு பக்கம் ஐந்து, மறுபக்கம் ஆறு. ஓராண்டு கழித்து வால்வின் நிலையிலும் வித்தியாசம் இல்லை.

அவர்கள் நம்மைப் போல் வாதக் காய்ச்சலால் கெட்டவர்கள் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். இருந்தாலும் ஒன்று விளங்குகிறது. சிறு கீறல் தருவது சில வாரங்களின் சௌகரியம். அதற்காகக் கொஞ்சம் கூடுதலாகச் செலவிடலாம். வயலை ஒற்றிக்கு வைக்கலாமா?

எல்லோருக்கும் அது பொருந்துவதும் இல்லை. இரண்டு மூன்று வால்வுகள் கெட்டிருந்தாலோ, அடைப்புக்கு பைபாஸும் சேர்த்துச் செய்ய வேண்டியிருந்தாலோ, வலது மார்பில் முன்பே ஆபரேஷன் ஆகியிருந்தாலோ, கால் ரத்தக் குழாய்கள் கெட்டிருந்தாலோ நெஞ்சைத் திறப்பதே நல்லது என்று சர்ஜன் சொல்லக் கூடும். அப்படிச் சொல்லுகிறவரைப் பழைய காலத்து டாக்டர் என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

கீறலே இல்லாத முறை

தொடை வழியாகக் குழாய் விட்டு, நெஞ்சில் கத்தி படாமலே அயோர்ட்டிக் வால்வு வைக்கும் முறையும் இருக்கிறது. பிரான்சில் ரூவான் நகரில் டாக்டர் அலென் கிரிபியே 2002 ஏப்ரலில் முதன்முதலாக இதைச் செய்தார். முதுமையில் சுண்ணாம்பு படிந்து சுருங்கிய வால்வுக்கு இது பெரிய வரப்பிரசாதம். ஆபரேஷனைத் தாங்கமாட்டார் என்று கைவிடப்பட்ட கிழவர்கள் இதனால் நடமாடுகிறார்கள். ஆனால் அமெரிக்க இருதய மருத்துவ சங்கங்கள் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, வால்வு மாற்ற வேண்டிய 65 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ஆபரேஷனே ஏற்றது. 80 வயதைத் தாண்டியவர்களுக்குக் குழாய் முறை. இடைப்பட்டவர்களுக்கு ஆளைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். 28 வயதுக்காரரின் கெட்டுப்போன மைட்ரல் வால்வுக்கும் அந்த விளம்பரத்துக்கும் சம்பந்தம் இல்லை.

கத்தியே வேண்டாம் என்று விரும்புகிறவர்கள் கேட்க வேண்டியது வேறு ஒன்று. மைட்ரல் வால்வு சுருங்கியிருக்கிறது, ஆனால் ஒழுக்கு அதிகம் இல்லை என்றால், பலூன் வைத்து அதை விரிக்கலாம். ஜப்பானிய டாக்டர் இனோவே 1980-களின் தொடக்கத்தில் கண்ட முறை இது. பல ஆண்டுகளாக நம் நாட்டில் ஏராளமானவர்களுக்குச் செய்யப்பட்டு வருகிறது. வால்வை மாற்றுவதையே பல ஆண்டுகள் தள்ளிப்போடலாம். பலூன் ஆகுமா, பழுதுபார்க்க முடியுமா என்று கேட்ட பிறகே மாற்றுவதைப் பற்றிக் கேட்க வேண்டும். நண்பரின் தம்பிக்குச் சுருக்கமும் ஒழுக்கும் சேர்ந்து இருந்தபடியால் இரண்டுக்கும் வழியில்லை.

உண்மையான கேள்வி

வால்வு மாற்றியே ஆக வேண்டும் என்றால் எந்த வால்வு? இதுதான் ஆயுள் முழுவதும் தொடரும் கேள்வி.

செயற்கை வால்வு இரண்டு ரகம். உலோகம் முதலியவற்றால் செய்த வால்வு தேயாது. ஆயுள் வரை உழைக்கும். ஆனால் அதன் மேல் ரத்தம் உறைந்துவிடாமல் இருக்கத் தினமும் மாத்திரை சாப்பிட வேண்டும், சாகிற வரைக்கும். மிருகத்தின் திசுவால் செய்த வால்வுக்கு அந்தத் தொல்லை குறைவு. ஆனால் சுமார் 10 அல்லது 15 ஆண்டுகளில் தேய்ந்துவிடும். இளவயதில் இன்னும் விரைவில் தேயும். தேய்ந்தால் மறுபடியும் ஆபரேஷன். பிள்ளை பெற வேண்டிய பெண்ணானால் ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் போன்ற மாத்திரைகள் கருவுக்குத் தீங்கு செய்யும் என்பதையும் முன்பே பேசிவிட வேண்டும்.

இந்த மாத்திரைக்கு ஒரு கணக்கு உண்டு. குறைந்தால் வால்வில் ரத்தம் உறையும். கூடினால் உடம்புக்குள் ரத்தம் கசியும். ஆகவே ஐ.என்.ஆர். என்னும் ரத்தப் பரிசோதனையை மாதா மாதம் செய்து, மாத்திரையைக் கூட்டியோ குறைத்தோ வர வேண்டும். பரிசோதனை தேவைப்படாத புதிய மாத்திரைகள் வந்திருக்கின்றனவே என்று கேட்பார்கள். அத்தகைய ஒன்றை உலோக வால்வுக்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆராய்ச்சி, கேடு விளைந்ததால் பாதியில் நிறுத்தப்பட்டது. 2013-இல் அதன் விவரம் வெளியாயிற்று. பழைய மாத்திரைதான் இவர்களுக்குக் கதி.

எனக்குத் தெரிந்த இன்னொருவர் செம்பூரில் இருக்கிறார். சில ஆண்டுகளுக்கு முன் நல்ல ஆஸ்பத்திரி ஒன்றில் சிறு கீறல் போட்டு உலோக வால்வு வைத்துக்கொண்டார். நேர்த்தியான வேலை. ஒரு மாதத்தில் வேலைக்குத் திரும்பினார். எங்களிடம் தழும்பைக் காட்டிப் பெருமைப்பட்டார். அடுத்த வருஷம் கோயில் கொடைக்கு ஊருக்குப் போனார். கொண்டுபோன மாத்திரை தீர்ந்துவிட்டது. அந்தச் சின்ன ஊரில் கிடைக்கவில்லை. உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று மூன்று வாரம் விட்டுவிட்டார். வால்வில் உறைந்த ரத்தக் கட்டி மூளைக்குப் போயிற்று. இப்போது வலது கை விளங்கவில்லை, பேச்சு குழறுகிறது. தழும்பு இன்றைக்கும் சிறியதாகவே இருக்கிறது.

அது சிறு கீறலின் குற்றம் அல்ல. பெரிய ஆபரேஷன் செய்திருந்தாலும் மாத்திரையை விட்டால் இதே கதிதான். ஆபரேஷனுக்கு முன் அவருடன் கீறலைப் பற்றி மணிக்கணக்கில் பேசினோம். மாத்திரையைப் பற்றி ஒருவரும் கால்மணி நேரம் பேசவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

பணம் எங்கே போக வேண்டும்?

வால்வு என்றால் வெளிநாட்டுச் சரக்குதான் உயர்ந்தது என்று ஒரு நினைப்பு நம்மிடம் இருக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா திருநாள் மருத்துவ நிலையத்தில் டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் பல ஆண்டுகள் பாடுபட்டு ஓர் இந்திய வால்வை உருவாக்கினார்கள். முதல் மாதிரிகள் சரிப்படவில்லை. விடாமல் முயன்று வென்றார்கள். 1990 டிசம்பரில் அது முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அயல்நாட்டு வால்வைவிட விலை மிகவும் குறைந்த அந்தச் சித்திரா வால்வு இன்று பல்லாயிரம் பேரின் இருதயத்தில் வேலை செய்கிறது. நெல்லை, குமரி மாவட்டக்காரர்களுக்குத் திருவனந்தபுரம் எட்டாத ஊரும் அல்ல.

மும்பையில் மாநகராட்சி ஆஸ்பத்திரி என்றாலே முகம் சுளிக்கிறவர்கள், 1968-இல் டாக்டர் பி.கே. சென் இருதய மாற்று ஆபரேஷன் செய்தது பரேலில் உள்ள கே.இ.எம். ஆஸ்பத்திரியில்தான் என்பதை அறிய வேண்டும். அங்கே கூட்டம் அதிகம்; காத்திருக்க வேண்டும்; வராந்தாவில் படுக்க வேண்டியும் வரலாம். ஆனால் நாள்தோறும் வாதக் காய்ச்சல் வால்வுகளைப் பார்த்துப் பழகிய கைகள் அங்கே இருக்கின்றன. வருஷத்துக்கு எத்தனை செய்கிறீர்கள் என்பதுதான், எத்தனை அங்குலம் கீறுவீர்கள் என்பதைவிட முக்கியமான கேள்வி.

செலவுக்கு அரசுத் திட்டங்கள் இல்லாமல் இல்லை. 2018-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. மராட்டிய அரசின் மகாத்மா ஜோதிராவ் புலே திட்டம் இருக்கிறது. தமிழக அரசின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ள தொழிலாளிக்கு அதன் வழியும் உண்டு.

ஆனால் நம்மவர் நிலை என்ன? ரேஷன் கார்டு ஊரில் அம்மா பெயரில் இருக்கிறது. ஆதாரில் பழைய விலாசம். இங்கே வாடகைச் சீட்டுக் கிடையாது. ஊர் அட்டையை இங்கே காட்டினால் அங்கே போ என்கிறார்கள். அங்கே போனால் அவன் பம்பாய்க்காரன் என்கிறார்கள். இரண்டு மாநிலத்திலும் உரிமை இருந்தும் ஒன்றிலும் படுக்கை கிடைக்காத நிலை. இதனால்தான் பணம் கட்டும் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறான். அங்கே விளம்பரத்தில் அகப்படுகிறான்.

செய்ய வேண்டியவை

என் கோரிக்கைகள் சில உண்டு. மதிப்பீட்டுக் காகிதத்தில் மொத்தத் தொகையை மட்டும் போடாமல், வால்வின் விலை எவ்வளவு, சிறு கீறலுக்கென்று கூடுதல் எவ்வளவு, பின்னால் மாத்திரைக்கும் பரிசோதனைக்கும் மாதம் எவ்வளவு ஆகும் என்று பிரித்து எழுதுவதை அரசு கட்டாயமாக்க வேண்டும். ஐ.என்.ஆர். பரிசோதனை நகரத்து மாநகராட்சி மருந்தகத்திலும், ஊரில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். லட்சக்கணக்கில் கொடுத்து வால்வு வைத்துவிட்டு, சில நூறு ரூபாய்ப் பரிசோதனைக்கு வழி செய்யாமல் விடுவது எந்த ஊர் நியாயம்? ஒரு மாநிலத்து அட்டையை மற்ற மாநிலத்தில் மறுக்கக் கூடாது.

நம் தமிழ்ச் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பொன்னாடை போர்த்துவதில் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு, மராத்தியும் இந்தியும் தெரிந்த ஒருவரைச் சயான், பரேல் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார வைத்தால், எத்தனையோ பேர் வயலையும் தாலிக்கொடியையும் காப்பாற்றிக்கொள்வார்கள்.

வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சலுடன் தொண்டைப் புண் வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். வாதக் காய்ச்சல் என்று தெரிந்தால் மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒரு முறை பெனிசிலின் ஊசியை, டாக்டர் நிறுத்தச் சொல்லும் வரை விடாமல் போடுங்கள். வால்வுக் கதையே வராமல் தடுக்கும் வழி அது ஒன்றுதான்.

நண்பர் வயலை ஒற்றிக்கு வைக்கவில்லை. தம்பிக்கு மாநகராட்சி ஆஸ்பத்திரி ஒன்றில் நெஞ்சைத் திறந்துதான் ஆபரேஷன் நடந்தது. மூன்று மாதம் சும்மா இருந்தார். அந்த மூன்று மாதமும் கஷ்டம்தான். அறையில் இருந்தவர்கள் சோறு போட்டார்கள். இப்போது அதே மார்க்கெட்டில் எடை போடும் இடத்தில் சீட்டு எழுதுகிறார். சம்பளம் முன்பைவிடக் குறைவு. இரவுச் சாப்பாடு முடிந்ததும் அண்ணன் தட்டில் மாத்திரையை எடுத்து வைக்கிறார். ஊருக்குப் போகும்போது இரண்டு மாத மாத்திரை பையில் போகிறது.

ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்: பலூன் ஆகுமா? பழுதுபார்க்கலாமா? எந்த வால்வு? மாத்திரை எவ்வளவு காலம்? பரிசோதனை எங்கே? நீங்கள் வருஷத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்? இத்தனைக்கும் பதில் கிடைத்த பிறகு, கையில் பணமும் மிச்சம் இருந்தால், கீறல் எத்தனை அங்குலம் என்று கேட்கலாம்.